எண்ணிக்கை மாறிய பிறகும் பெயரில் நிற்கும் எண்

தேதி கிழிக்கும் காலண்டரில் ஒரு டிசம்பர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் டிசம்பர் என்று இருக்கும். கீழே, ராகு காலத்துக்கும் நட்சத்திரத்துக்கும் பக்கத்தில், அன்றைய திதி தசமி என்று போட்டிருக்கலாம். இரண்டு பெயரிலும் இருப்பது பத்துதான். லத்தீனில் 'டெகெம்', சமஸ்கிருதத்தில் 'தச'. உச்சரிப்பு ஒத்துப்போவது தற்செயலும் இல்லை. இரண்டும் ஒரே மூலச் சொல்லிலிருந்து பிரிந்தவை. ஆனால் தசமி இன்றைக்கும் பத்தாவது திதி. டிசம்பரோ பன்னிரண்டாவது மாதம். ஒரு பெயர் இன்னும் சரியாக எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று எண்ணுவதை நிறுத்தி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நம் அன்றாடப் பேச்சில் புழங்கும் லத்தீன், கிரேக்க எண் வேர்களை எல்லாம் இந்த இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம். வீதிக்கும் வீட்டுக்கும் வந்துவிட்ட சொற்களில் எண் பெரும்பாலும் உறைந்துபோயிருக்கிறது. ஆய்வகத்திலும் அளவையிலும் இருக்கும் சொற்களில் அது இன்னும் வேலை செய்கிறது. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால், மனப்பாடம் செய்ய வேண்டிய பல விஷயங்கள் தாமாகவே புரிந்துவிடும்.

முதலில் வேர்களைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் ஒன்று முதல் பத்து வரை: ஊனுஸ், டுவோ, ட்ரேஸ், க்வாட்டுவோர், க்வின்க்வே, ஸெக்ஸ், செப்டெம், ஆக்டோ, நோவெம், டெகெம். நூறு கென்டும், ஆயிரம் மில்லே. கிரேக்கத்தில் சொற்களுக்கு முன்னால் ஒட்டும் வடிவங்கள்: மோனோ, டி, ட்ரி, டெட்ரா, பென்டா, ஹெக்ஸா, ஹெப்டா, ஆக்டா, என்னியா, டெகா. நூறு ஹெகடோன், ஆயிரம் கிலியோய்.

இதைப் படிக்கும் தமிழருக்கு இவை முழுக்க அந்நியமாக ஒலிக்காது. நம் திதிகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: துவிதியை, திரிதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. டுவோவும் துவியும், ட்ரேஸும் திரியும், பென்டாவும் பஞ்சமும், செப்டெமும் சப்தமும், ஆக்டோவும் அஷ்டமும், நோவெமும் நவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. துவாதசியில் இருக்கும் பன்னிரண்டுதான் லத்தீனில் 'டுவோடெகிம்'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நம் பழக்கடையில் 'ஒரு டஜன் வாழைப்பழம்' ஆகிவிட்டது. 1786-இல் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஏதோ ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு மிகத் தெளிவான சாட்சிகளில் எண்ணுப்பெயர்களும் உண்டு. லத்தீனில் 'ஸ' வரும் இடத்தில் கிரேக்கத்தில் 'ஹ' வருவதைக் கவனியுங்கள்: ஸெக்ஸ் ஹெக்ஸா ஆகிறது, செப்டெம் ஹெப்டா ஆகிறது. மொழிகள் பிரியும்போது ஒலிகள் இப்படி ஒழுங்காகத்தான் மாறுகின்றன.

தமிழ் இந்தக் குடும்பத்தில் சேராது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எழுதிவிட்டார். இதை இங்கே அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இத்தாலிய மொழியில் எட்டுக்கு 'ஓட்டோ' என்று பெயர். நம் 'எட்டு' அதன் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தோன்றும். உடனே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் இத்தாலிய ஓட்டோ, லத்தீன் ஆக்டோவில் இருந்த 'க்' தேய்ந்து வந்தது. தமிழ் எட்டின் அடியில் இருப்பது 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்கோணம், எண்திசை எல்லாவற்றிலும் அதுதான் தெரிகிறது. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு என்றால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும்.

சரி, மாதங்களுக்கு வருவோம். செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. இவை இரண்டிரண்டு இடம் தள்ளி நிற்பதற்கு ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது: ஜூலியஸ் சீசரும் அகஸ்டஸும் தங்கள் பெயரில் இரண்டு மாதங்களை நடுவில் செருகிவிட்டார்கள் என்று. இது தவறு. ஜூலையும் ஆகஸ்டும் புதிதாக வந்த மாதங்கள் அல்ல. அவை முன்பே இருந்தன, அவற்றுக்கும் எண் பெயர்தான் இருந்தது. ஜூலையின் பழைய பெயர் க்வின்டிலிஸ், அதாவது ஐந்தாவது. ஆகஸ்டின் பழைய பெயர் ஸெக்ஸ்டிலிஸ், ஆறாவது.

ரோமானியர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. பத்து மாதங்கள்தான். குளிர்காலத்து நாட்களை எந்த மாதத்திலும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. மார்ச்சிலிருந்து எண்ணினால் எல்லாம் சரியாக வரும்: ஐந்தாவது க்வின்டிலிஸ், ஏழாவது செப்டம்பர், பத்தாவது டிசம்பர். பிறகு ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்தன. அவற்றைச் சேர்த்தவர் நூமா என்ற இரண்டாவது மன்னர் என்று ரோமானியர்கள் நம்பினார்கள். கி.மு. 153 முதல் ரோமின் தலைமை அதிகாரிகளான கான்சல்கள் ஜனவரி 1-ஆம் தேதி பதவியேற்கத் தொடங்கினார்கள். ஸ்பெயினில் நடந்த போருக்குச் சீக்கிரம் தளபதியை அனுப்ப வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். ஆண்டுகளைக் கான்சல்களின் பெயரால் குறித்த சமூகத்தில், அவர்கள் பதவியேற்கும் நாள்தான் ஆண்டின் தொடக்கம். ஒரு நிர்வாக அவசரம் வருடப் பிறப்பை நகர்த்தியது. மாதங்களின் பெயரை யாரும் மாற்றவில்லை.

க்வின்டிலிஸ் கி.மு. 44-இல் ஜூலை ஆனது. ஸெக்ஸ்டிலிஸ் கி.மு. 8-இல் ஆகஸ்ட் ஆனது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. அகஸ்டஸ் என்பது பட்டப்பெயர். அவர் பிறந்தபோது வைத்த பெயர் கயுஸ் ஆக்டாவியுஸ். ஆக்டாவியுஸ் என்ற குடும்பப் பெயரில் இருப்பது எட்டு. ஆறாவது என்று பெயர் வைத்திருந்த மாதம், எட்டு என்ற பெயரோடு பிறந்தவரின் பட்டத்தைப் பெற்று, இன்று நமக்கு எட்டாவது மாதமாக நிற்கிறது. பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கி ஆகஸ்டுக்கு 31 நாள் ஆக்கினார்கள் என்ற கதை நூற்றாண்டுகள் கழித்துக் கிளம்பியது. சீசரின் சீர்திருத்தத்திலேயே அந்த மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டது.

அதன் பிறகும் பேரரசர்கள் சும்மா இருக்கவில்லை. டொமிஷியன் செப்டம்பருக்கு ஜெர்மானிக்குஸ் என்றும் அக்டோபருக்குத் தன் பெயரையும் வைத்தார். கொம்மோடுஸ் பன்னிரண்டு மாதங்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையும் சூட்டினார். இருவரும் கொல்லப்பட்டதும் பழைய எண்கள் திரும்பிவிட்டன. திபேரியுஸ் மட்டும் தெளிவாக இருந்தார். ஒரு மாதத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று செனட் சபை சொன்னபோது, சீசர்கள் பதின்மூன்று பேர் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். எண்ணிக்கை தவறிய பெயர்கள்கூட இப்படி நிலைத்து நின்றதற்குக் காரணம், அப்போதே மக்கள் அவற்றை எண்ணாகக் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்பதுதான். டிசம்பர் என்றால் குளிர், பண்டிகை, ஆண்டின் முடிவு. பத்து என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதே உறைவு எத்தனையோ சொற்களில் நடந்திருக்கிறது. தியேட்டர் போஸ்டரில் 'நூன் ஷோ' என்று பார்த்திருப்பீர்கள். நூன் என்பது லத்தீன் 'நோனா'விலிருந்து வந்தது. ஒன்பதாவது மணி என்று பொருள். சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது மணி பிற்பகல் மூன்று வாக்கில் வரும். மடாலயங்களில் அந்த நேரத்து வழிபாட்டுக்கே நோன் என்று பெயர். வழிபாட்டு நேரமும் சாப்பாட்டு நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்ந்து, சொல் உச்சிப்பொழுதில் வந்து நின்றுவிட்டது.

கிரிக்கெட்டில் செஞ்சுரி என்றால் துல்லியமாக நூறு. ஆனால் அந்தச் சொல்லின் மூலமான ரோமானியப் படையின் 'கென்டுரியா'வில், பேரரசுக் காலத்தில் இருந்தவர்கள் எண்பது பேர்தான். நூறு பேர் என்று பெயர் வாங்கிய பிரிவு, நிர்வாக வசதிக்காக எண்பதாகச் சுருங்கியபோதும் பெயர் சுருங்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் 'டீன்' இருக்கிறாரே, அந்தப் பதவிப் பெயர் 'டெகானுஸ்', அதாவது பத்துப் பேருக்குத் தலைவர். மடாலயத்தில் பத்துத் துறவிகளைக் கவனித்தவருக்கு இருந்த பெயர், தேவாலயம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இன்று ஒரு டீனின் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். டீனும் டிசம்பரும் டெசிமலும் தசமியும் ஒரே பத்து.

குவாரன்டைன் என்ற சொல்லைக் கொரோனாக் காலத்தில் கிராமம்வரை எல்லோரும் சொன்னோம். அட்ரியாடிக் கடற்கரையில் இருந்த ரகுசா நகரம், இன்றைய டுப்ரோவ்னிக், 1377-இல் கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்களை 30 நாள் தனியே நிறுத்தியது. பிறகு அது நாற்பது நாளானது. வெனிஸ் பேச்சுவழக்கில் நாற்பதைக் குறித்த சொல்லே பெயராகிவிட்டது. நமக்கு 2020-இல் சொல்லப்பட்டது பெரும்பாலும் 14 நாள். நாற்பது என்ற பெயரோடு பதினான்கு நாள் இருந்தோம்.

பிஸ்கட் என்றால் இருமுறை சுட்டது. கப்பல் பயணத்துக்குக் கெடாமல் இருக்க ரொட்டியை இரண்டாம் முறை காயச் சுட்டார்கள். இன்றைய டீக்கடை பிஸ்கட் ஒருமுறைதான் சுடப்படுகிறது. மதுக்கடைச் சொல்லான குவாட்டரையும் விடக் கூடாது: 750 மில்லியில் கால் பங்கு 187.5 வர வேண்டும், பாட்டிலில் இருப்பது 180. டெட்ரா பேக் என்ற பெயர் இன்னும் நெருக்கமான உதாரணம். ஸ்வீடனில் 1951-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட காகிதப் பொதி. அந்த நான்முகி வடிவத்திலிருந்துதான் டெட்ரா வந்தது. இன்று நம் கைக்கு வரும் ஜூஸ் பொதி பெரும்பாலும் செங்கல் வடிவத்தில், ஆறு முகங்களோடு இருக்கிறது.

தமிழர்களுக்கே உரிய ஒரு நல்ல உதாரணம் பைசிக்கிள். 'பை' லத்தீன் இரண்டு, 'சைக்கிள்' கிரேக்கச் சக்கரம். ஒரே சொல்லில் இரண்டு மொழி. தமிழில் அந்தச் சொல் இரண்டாக உடைந்து இரண்டு வண்டிகள் ஆகிவிட்டது. மிதிப்பது சைக்கிள், பெட்ரோல் போடுவது பைக். சைக்கிள் எண்ணை இழந்து சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பைக்கில் 'பை' என்ற எண் ஒட்டிக்கொண்டு ஒரு 'க்' மட்டும் சக்கரத்தின் மிச்சமாக நிற்கிறது.

எண் இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும் சொற்களும் இருக்கின்றன. சினிமா 'டயலாக்'கில் இரண்டு இல்லை. அதில் இருப்பது 'டியா', ஊடாக என்று பொருள். எத்தனை பேர் பேசினாலும் டயலாக்தான். மோனோலாக் என்பதில் ஒன்று இருப்பதால் டயலாக்கில் இரண்டு இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். டயபட்டீஸிலும் அதே 'ஊடாக'தான். ஆனால் டிப்ளமோவில் உண்மையாகவே இரண்டு உண்டு: இரண்டாக மடித்த ஆவணம் என்பது அதன் பொருள். நானோ என்பது ஒன்பதுபோல் கேட்கும், அதிலும் ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று ஒன்பது சுழியங்கள் வேறு வந்து குழப்பும். உண்மையில் அது கிரேக்கத்தில் 'குள்ளன்'.

இந்தக் குழப்பம் எங்கே தீர்கிறது, எங்கே பயன்படுகிறது என்பதற்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியைவிட நல்ல இடம் இல்லை. பென்டாவேலன்ட் தடுப்பூசி இந்தியாவில் முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடுகிறார்கள். பென்டா என்றால் ஐந்து. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் என்கிற ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் நோய்கள். இந்த ஐந்துக்குள்ளேயே இரண்டு போலி எண்கள் இருக்கின்றன. டெட்டனஸில் டெட்ரா இல்லை. அது தசை விறைப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஹெபடைடிஸில் ஹெப்டா இல்லை, அது கல்லீரல்.

ஆனால் பென்டாவில் எண் உயிரோடு இருக்கிறது. அது எவ்வளவு கறாரானது என்பதைப் போலியோ சொட்டு மருந்து காட்டும். போலியோ வைரஸில் மூன்று வகை. மூன்றையும் தடுத்த மருந்துக்கு ட்ரைவேலன்ட் என்று பெயர். இரண்டாம் வகை வைரஸ் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 2015 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் இந்தியா உட்பட அதைப் பயன்படுத்திய நாடுகள் எல்லாம் இரண்டு வகையை மட்டும் தடுக்கும் மருந்துக்கு மாறின. பெயரும் பைவேலன்ட் என்று மாறியது. இங்கே எண் குறைந்ததே ஒரு பெரிய வெற்றியின் செய்தி. ரோமப் படைப்பிரிவு எண்பதானபோது பெயரை மாற்றத் தோன்றவில்லை. மருந்துப் புட்டியில் மாற்றாமல் இருக்க முடியாது.

டெட்ராசைக்ளினும் அப்படியே. அந்த மூலக்கூறில் நான்கு வளையங்கள் ஒட்டி நிற்பதால் அந்தப் பெயர். அந்த வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் அதே 1948-இல் இறந்துவிட்டார். நம் ஊரில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

வேதியியலில் எண் வேர்கள் மிக ஒழுங்காக வேலை செய்கின்றன. பென்டேன், ஹெக்ஸேன், ஹெப்டேன், ஆக்டேன்: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு கார்பன் அணுக்கள். பெட்ரோல் பங்கில் பார்க்கும் ஆக்டேன் எண்ணும் இங்கிருந்துதான் வருகிறது. எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறித் தானே தீப்பிடித்தால் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரும். ஐசோ ஆக்டேன் என்ற எட்டுக் கார்பன் பொருள் அப்படித் தட்டாமல் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதற்கு 100 என்று மதிப்பு வைத்தார்கள். ஹெப்டேன் சுத்தமாகத் தாங்காது, அதற்குச் சுழியம். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தாங்குமோ அப்படித் தாங்கும் பெட்ரோல் என்று பொருள். எட்டுக்கும் வண்டியின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆக்டேன் அதிகம் என்றால் பவர் அதிகம் என்ற நம்பிக்கைக்கும் இந்தப் பெயரில் ஆதாரம் இல்லை. அது தட்டலைத் தாங்கும் திறனை மட்டும் சொல்கிறது.

கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு. முன்னது நாம் மூச்சில் வெளியே விடுவது. பின்னது மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ எரியும்போது நிறமும் மணமும் இல்லாமல் வந்து ஆளைக் கொல்வது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். வித்தியாசம் முழுவதும் டை, மோனோ என்ற இரண்டு துண்டுகளில் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இங்கே ஓர் அழகான வழி கண்டிருக்கின்றன. அவர்கள் எழுதுவது காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு. கிரேக்க டையின் இடத்தில் நம் 'ஈர்', மோனோவின் இடத்தில் நம் 'ஓர்'. தமிழ் தெரிந்த பிள்ளை அந்தப் பெயரைப் பார்த்ததுமே எத்தனை ஆக்சிஜன் என்று சொல்லிவிடும். ஒரு, இரு, மு, நால், ஐ, அறு, எழு, எண் என்று ஒட்டுவதற்குத் தயாரான வடிவங்கள் நம்மிடம் காலம் காலமாக இருக்கின்றன. முக்கோணமும் ஐங்கோணமும் அறுகோணமும் அப்படித்தான் வந்தன. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தைத் திறக்கும் மாணவர்கள் இந்தப் பெயர்களைப் பொருள் தெரியாத ஒலிகளாக உருப்போடுவதை நினைத்தால் மனம் ஆறவில்லை. திதிகளை ஒரு பக்கமும், நம் ஒட்டு வடிவங்களை மறுபக்கமும் எழுதி, நடுவில் இந்த இருபது வேர்களைப் போட்டுக் காட்ட ஒரு வகுப்பு நேரம் போதும். எட்டாம் வகுப்பிலேயே இதைச் செய்ய வேண்டும்.

அளவைகளில் இரண்டு மொழிக்கும் வேலையைப் பங்கு பிரித்துக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1795-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் செய்தபோது, பெருக்கினால் கிரேக்கம், வகுத்தால் லத்தீன் என்று வைத்தார்கள். டெகா, ஹெக்டோ, கிலோ என்றால் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு. டெசி, சென்டி, மில்லி என்றால் பத்தில், நூறில், ஆயிரத்தில் ஒரு பங்கு. கடையில் 'ஒரு கிலோ தக்காளி' என்று கேட்கும்போது நாம் சொல்வது வெறும் 'ஆயிரம்'தான். கிராம் என்பதை விட்டுவிட்டோம்.

நிலப் பத்திரத்தில் இந்தப் பங்கீடு தமிழ்நாட்டில் தினமும் நடக்கிறது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதை ஹெக்டோவால், அதாவது நூறால் பெருக்கினால் ஹெக்டேர். ஆனால் மனை வாங்குபவர் கேட்பது 'எத்தனை சென்ட்?' என்று. சென்ட் என்றால் ஏக்கரை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. கிரேக்க நூறு பெருக்குகிறது, லத்தீன் நூறு வகுக்கிறது. இரண்டும் ஒரே நிலத்தின் மேல். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட், ஒரு ஹெக்டேர் சுமார் 247 சென்ட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டாவைப் படிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இலங்கையில் ரூபாயின் நூறில் ஒரு பங்குக்குச் சதம் என்று பெயர். சதமும் சென்ட்டும் உடன்பிறப்புகள். லத்தீன் கென்டுமும் சமஸ்கிருத சதமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

மைலும் ஆயிரம்தான். ரோமானியப் படைவீரனின் ஆயிரம் தப்படி 'மில்லே பாஸுஸ்'. இடது கால் மறுபடி இடது காலாக ஊன்றும்வரை ஒரு தப்படி என்று கணக்கு. அது இன்றைய அளவில் சுமார் 1,480 மீட்டர். ஆங்கிலேயர் 1593-இல் 5,280 அடி என்று நிர்ணயித்த மைல் 1,609 மீட்டர்.

பெரிய எண்களில்தான் பெயர் நிஜமான ஆபத்தை உண்டாக்குகிறது. மில்லியன் என்பது இத்தாலியில் 'பெரிய ஆயிரம்'. 1484-இல் நிக்கோலா ஷுகே என்ற பிரெஞ்சுக் கணக்கறிஞர் பில்லியன், ட்ரில்லியன் என்ற வரிசையை எழுதி வைத்தார். அவர் கணக்கில் பை என்றால் மில்லியனை இரண்டு முறை பெருக்குவது, ட்ரை என்றால் மூன்று முறை. பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், நம் கணக்கில் லட்சம் கோடி. எண்ணும் பெயரும் பொருந்தி நின்றன. பிறகு பிரான்சிலும் அமெரிக்காவிலும் ஆயிரம் ஆயிரமாக ஏறும் முறை பரவியது. அதில் பில்லியன் வெறும் நூறு கோடி. பிரிட்டிஷ் அரசு 1974-இல்தான் அதிகாரபூர்வமாக அந்தச் சிறிய பில்லியனுக்கு மாறியது. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இன்றும் பில்லியன் என்றால் பழைய லட்சம் கோடிதான். பின்னர் பழைய கணக்குக்கே திரும்பிய பிரான்சிலும் அப்படியே. ஒரு ஜெர்மன் செய்தியை மொழிபெயர்ப்பவர் கவனிக்காவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை வந்துவிடும். 2030-க்குள் தமிழ்நாட்டை ஒரு ட்ரில்லியன் டாலர் பொருளாதாரம் ஆக்குவோம் என்று மாநில அரசு சொல்லும்போது அது சிறிய கணக்கு: ஒரு லட்சம் கோடி டாலர். லட்சம், கோடி என்ற நம் சொற்களில் இந்தக் குழப்பமே எழுவதில்லை. செய்தித்தாள்கள் அவற்றை விடாமல் எழுத வேண்டும்.

கணினியில் மெகா என்றால் பெரியது, கிகா என்றால் ராட்சதன், எண் இல்லை. டெராவும் முதலில் 'பூதம்' என்ற கிரேக்கச் சொல்தான். ஆனால் அது ஆயிரத்தை நான்கு முறை பெருக்கியது, டெட்ராவில் ஓர் எழுத்தை எடுத்ததுபோல் அமைந்துவிட்டது. 1975-இல் அடுத்த பெயர்கள் தேவைப்பட்டபோது அளவையியல் அறிஞர்கள் அந்தப் பொருத்தத்தையே விதியாக்கினார்கள்: பென்டாவில் ஓர் எழுத்தை எடுத்துப் பீட்டா, ஹெக்ஸாவில் ஓர் எழுத்தை எடுத்து எக்ஸா. 1991-இல் ஏழிலிருந்து ஸெட்டாவும் எட்டிலிருந்து யோட்டாவும் வந்தன. 2022 நவம்பரில் ஒன்பதுக்கு ரோனா, பத்துக்கு க்வெட்டா. மற்ற எழுத்துகள் ஏற்கெனவே வேறு அலகுகளுக்குப் போய்விட்டதால் ஆங்கில எழுத்துகளில் R-உம் Q-உம்தான் மிச்சம் இருந்தன. அதனால் ஒன்பதும் பத்தும் அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிட்டன.

எழுத்து நெருக்கடியை இன்னும் அழகாகச் சமாளித்தது தனிமங்களுக்கான பெயர் முறை. இன்னும் உறுதியாகாத புதிய தனிமங்களுக்குத் தற்காலிகப் பெயர் வைக்க 1978-இல் வேதியியலாளர்கள் சுழியம் முதல் ஒன்பது வரை பத்துத் துண்டுகளை எடுத்தார்கள்: நில், உன், பை, ட்ரை, க்வாட், பென்ட், ஹெக்ஸ், செப்ட், ஆக்ட், என். லத்தீனும் கிரேக்கமும் கலந்து கிடப்பதைப் பார்த்து மாணவர்கள் திகைப்பார்கள், ஆனால் காரணம் எளிது. குறியீட்டுக்கு முதல் எழுத்துதான் வேண்டும், பத்தும் வேறு வேறாக இருக்க வேண்டும். நான்குக்கு டெட்ரா எடுத்தால் ட்ரையோடு மோதும், ஆகவே லத்தீன் க்வாட். ஐந்துக்கு லத்தீன் எடுத்தால் க்வாட்டோடு மோதும், ஆகவே கிரேக்கப் பென்ட். ஆறும் ஏழும் லத்தீனில் ஒரே எழுத்து, கிரேக்கத்திலும் ஒரே எழுத்து. ஆகவே ஆறு கிரேக்கத்திலிருந்து, ஏழு லத்தீனிலிருந்து. ஒன்பது லத்தீனில் நில்லோடு மோதும், ஆகவே கிரேக்க என்.

இந்த முறையில் 118-ஆவது தனிமம் உன், உன், ஆக்ட் சேர்ந்து உனுனாக்டியம் என்று இருந்தது. 2016-இல் ரஷ்ய இயற்பியலாளர் யூரி ஒகனேசியனின் பெயரால் ஒகனேசான் ஆனது. 113 ஜப்பானின் பெயரில் நிஹோனியம் ஆனது. 119-ஐ உருவாக்க ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் முயன்று வருகிறது. அதற்கு இப்போதைக்கு உனுனென்னியம் என்று பெயர். அது உறுதியாகும் நாளில் இந்த எண் பெயரும் போய், ஓர் ஊரின் பெயரோ ஒரு மனிதரின் பெயரோ அந்தக் கட்டத்தில் ஏறும்.